திரி திரும்பி வரும் இடம்

கைக்கு வரும் எந்தப் புத்தகத்தையும் பசையக்கா முதலில் தலைகீழாகப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்குவார். பஸ் டிக்கெட் விழும், தலைமுடி விழும், பிஸ்கட் தூள், மாத்திரை அட்டை, யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட கடிதம். ஒருமுறை ஒரு பால் பல் விழுந்தது. "யார் வாயில இருந்ததோ, பத்திரமா இருக்கட்டும்" என்று அதைத் தகர மூடி ஒன்றில் போட்டு ஜன்னலில் வைத்தார். மூன்றாம் நாள் பல்லுக்கு உரியவள் அப்பாவோடு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனாள். கையெழுத்து கேட்டது அக்காதான்.

கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுவது அவர் வேலை. நூலகத்தின் பின்னறையில் ஒரு நீள மேஜை, இரண்டு இரும்புக் கட்டிகள், மெழுகு தடவிய நூல், வளைந்த ஊசி, எப்போதும் நிறைந்திருக்கும் பசைக் கிண்ணம். பசையக்கா என்ற பெயர் யார் வைத்ததோ, நூலகர் முதல் வாசலைப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அதுதான். "பசையுள்ள ஆளுன்னு ஊரே சொல்லுது சார். எல்லாம் விரல்ல ஒட்டினதோட சரி" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

நான் செய்தித்தாள் படிக்க வருகிறவன். முன்கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஓய்வுபெற்ற நான்கு பேர் அந்த இடங்களைப் பரம்பரைச் சொத்துபோல ஆண்டுகொண்டிருக்கிறார்கள். ஆகவே பின்னறை வாசலில் ஒரு ஸ்டூல். முதல் நாளே நான் ஒரு வார இதழின் முனையை மடித்ததை அக்கா பார்த்துவிட்டார். "உங்க சட்டைக் காலரை நான் இப்படி மடக்கி அழுத்தினா சும்மா இருப்பீங்களா சார்?" அன்றிலிருந்து அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம்தான். அவர் என்னைவிட மூன்று வயது சிறியவர் என்பதெல்லாம் எதற்கும் உதவவில்லை.

இத்தனை புத்தகங்களைத் தொட்டவர் ஒன்றையும் படித்ததில்லை என்றால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. கேட்டேன். "படிக்க உக்காந்தா பசை காஞ்சிடும்" என்றார். அவ்வளவுதான் விளக்கம். ஆனால் எந்தப் புத்தகத்தில் எந்த இடம் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள், விரல் நேராக அங்கே போய் நிற்கும். எந்தப் பக்கம் அழுக்கோ அது நல்ல பக்கம் என்பது அவர் கொள்கை. விமரிசகர்கள் நாற்பது பக்கம் எழுதி நிறுவ முடியாததை அவர் பக்கத்தின் அடிமூலையைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

உதாரணத்துக்கு 'உப்புக் கதவு'. பிள்ளைகளுக்கான பழைய மாயக்கதை. ஒரு அண்ணனும் தங்கையும் கிடங்கு ஒன்றில் உப்பால் ஆன கதவைக் கண்டு, அதன் வழியே சூரியனே இல்லாத நாட்டுக்குள் போய்விடுகிறார்கள். அங்கே அவர்களுக்கு வழிகாட்டுவது திரி என்ற முள்ளம்பன்றி. அதன் முதுகில் ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் விளக்கு எரியும். தங்கை கதவை நக்கிப் பார்க்கும் பக்கத்தை அக்கா எனக்குக் காட்டினார். காகிதம் நைந்து போயிருந்தது. "பிள்ளைங்க இதையும் நக்கிப் பாத்திருக்குங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு பட்டாளமே" என்றார். நிழல்களை அடகு வைக்கும் சந்தை வரும் பக்கத்தில் சிரித்துத் துப்பிய பால் துளிகள். ராணிக்குத் தும்மல் வராமல் தவிக்கும் பக்கத்தில் மூக்குப்பொடியா மிளகா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. யாரோ சோதனை செய்து பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விட அழுக்கு ஒரு பக்கம்தான். திரி திரும்பி வரும் பக்கம்.

இருட்டுக் குகையில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் வெளியேறும்வரை திரி தன் முட்களை ஒவ்வொன்றாக எரியவிடுகிறது. கடைசி முள்ளும் அணைந்ததும் அசையாமல் கிடக்கிறது. தங்கை அதன் மேல் தன் சால்வையைப் போர்த்துகிறாள். அத்தியாயம் முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் ஆற்றங்கரை, மூடுபனி, காத்திருக்கும் பிள்ளைகள். பனிக்குள் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிகிறது. ஒரு படகு. படகில் திரி. "ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறீர்களா? வழியில் ஒரு சின்ன வேலை இருந்தது" என்கிறது. எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த அத்தியாயத்தின் முடிவில், "நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னாலேயே வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போகும். கதை முடியும் மட்டும் அது பின்னால் வந்துகொண்டே இருப்பதாக நமக்கு ஒரு நினைப்பு. எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் இந்தப் புத்தகம் கிடைத்தது. படகு வரும் இடத்தில் அழுதேன், மறைப்பானேன்.

எங்கள் ஊரில் யார் தாமதமாக வந்தாலும் "வழியில ஒரு சின்ன வேலை இருந்தது" என்பார்கள். முடிதிருத்துகிறவர் சொல்வார், தபால்காரர் சொல்வார். கேட்கிறவரும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். எல்லோரும் சிறு வயதில் படித்தது அந்த நூலகத்தின் அந்த ஒரே பிரதியைத்தான். கடையில் கிடைக்காத புத்தகம் அது. இந்த வருடம்தான் மறுபதிப்பு வந்தது.

மறுபதிப்பு வந்த மகிழ்ச்சியில் நூலகர் ஒரு பெட்டி வைத்தார். 'உப்புக் கதவில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?' சீட்டில் எழுதிப் போட வேண்டும். நூலகர் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர், இளைஞர், வரிசை தவறினால் தூக்கம் வராத சுபாவம். ஒரு வாரம் கழித்துச் சீட்டுகளைப் பின்னறை மேஜையில் கொட்டிப் பிரித்தார். அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்று 'திரி திரும்பி வரும் இடம்' என்றன. நூலகர் ஒரு சீட்டைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, திரி திரும்பி வரவே மாட்டானே. செத்துப்போயிடுவான்."

அக்கா சிரித்தார். "நல்லாப் படிச்சீங்க போங்க. அடுத்த அத்தியாயத்துலயே வருவானாம், ஊருக்கே தெரியும்."

நூலகர் முன்கூடத்துக்குப் போய்ப் புதுப் பிரதியை எடுத்து வந்தார். அதில் ஆற்றங்கரை ஆறாம் அத்தியாயம். குகை ஒன்பதாம் அத்தியாயம். ஆற்றங்கரையில் திரி தாமதமாக வந்தது, அவ்வளவுதான். ஏதோ ஒரு சின்ன வேலை நிஜமாகவே இருந்திருக்கிறது. மூன்று அத்தியாயம் கழித்துக் குகையில் அணைந்த திரி பிறகு வருவதே இல்லை. பழைய பிரதியில் ஆறாவது, ஒன்பதாவதுக்குப் பின்னால் தைக்கப்பட்டிருந்தது. தைத்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அட்டையின் உள்பக்கம் அக்காவின் சுருக்கொப்பமும் தேதியும் இருந்தன. இருபத்திரண்டு வருடம்.

அதைத் தைத்த அன்று நடந்ததை அக்கா எனக்குப் பிறகு சொன்னார். நூலகத்துக்குப் புத்தகம் வந்தபோதே தாள் தாளாக உதிர்ந்து வந்ததாம். முன்பக்கங்கள் இல்லை, பொருளடக்கம் இல்லை. ஒவ்வொரு அத்தியாயமும் பதினாறு பக்கத்தில் ஒரு தனி மடிப்பு. தலைப்பு உண்டு, எண் கிடையாது. பக்க எண்கள் இருந்த அடிமூலைகளைப் பிள்ளைகளின் விரல்கள் எப்போதோ தின்று தீர்த்துவிட்டன. இப்படி வரும் புத்தகத்தை அவர் கறையை வைத்துத்தான் வரிசைப்படுத்துவார். ஒரு மடிப்பின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஈரக் கறை, அடுத்த மடிப்பின் முதல் பக்கத்தில் அதே வடிவில் இருக்க வேண்டும். குகையின் கடைசிப் பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒரு கறை. ஆற்றங்கரையின் முதல் பக்கத்தில் அதே கறை, அச்சு அசலாக. சந்தேகமே இல்லாமல் தைத்துவிட்டார். படித்திருந்தால் தெரிந்திருக்கும். பசை காய்ந்திருக்கும்.

"தப்பைத் தப்புன்னு தெரிஞ்ச பிறகும் வச்சிருந்தா அது நூலகம் இல்லக்கா" என்றார் நூலகர். அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். பழைய பிரதியைப் பிரித்துச் சரியான வரிசையில் தைக்க வேண்டும், இனிமேல் குழப்பம் வராமல் பக்க எண்களைப் பென்சிலால் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

அந்த வாரம் அக்கா அக்காவாக இல்லை. யாரையும் திட்டவில்லை. நான் வேண்டுமென்றே அவர் கண்ணெதிரில் ஒரு முனையை மடித்துப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. நூலை வெட்டி மடிப்புகளை மேஜையில் வரிசையாக வைத்தார். ஒன்று, இரண்டு என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். ஐந்து அத்தியாயம், எண்பது பக்கம். எண்பதோடு பென்சில் நின்றுவிட்டது. அடுத்தது ஆற்றங்கரை. திங்களும் போயிற்று, வியாழனும் போயிற்று.

"இருபத்திரண்டு வருஷமா பிள்ளைங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன் சார்" என்றார் ஒரு பிற்பகல். "செத்தவன் வருவான்னு நம்பிட்டுப் போயிருக்குங்க. அதுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" செய்தித்தாளைத் திருப்பினேன். திருப்பிய பக்கத்திலும் பதில் இல்லை.

சனிக்கிழமை காலை ஒரு பெண் ஏழு வயது மகளோடு பின்னறைக்கே வந்துவிட்டார். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். நம் எல்லோருக்கும் ஏதோ ஒரு சமயம் ஊசி குத்தியவர்தான். குரலில் கோபம் இருந்தது, அக்காவிடம் அல்ல.

"அக்கா, நம்ம பழைய உப்புக் கதவு வேணும். இவளுக்குப் புதுசு வாங்கினேன், அச்சுல கோட்டை விட்டிருக்காங்க. ஆத்தங்கரையைத் தூக்கி முன்னாடி போட்டுட்டாங்க. கடைக்காரர்கிட்டப் போய் ஒரு சண்டை போட்டேன் பாருங்க, மனுஷன் வேற பிரதி எடுத்துக் கொடுத்தாரு. அதுலயும் அப்படியே."

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "அச்சு சரிதான்மா. தப்பு என்னோடது." கறையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை, ஒரு சாக்கும் சொல்லவில்லை. சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் மடிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ கடைக்காரர்கிட்ட நான்தான் மன்னிப்புக் கேக்கணும்" என்றார் அந்தப் பெண் முதலில். பிறகு ஆற்றங்கரை மடிப்பை எடுத்து அந்தக் கறையைத் தடவிப் பார்த்தார்.

"எங்கம்மா போனப்போ எனக்கு ஒன்பது வயசு. அந்த மாசம்தான் இதைப் படிச்சேன். அம்மா வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்கா. ஒன்பது வயசுல அது தெரியாதா? எல்லாரும் என்னை உக்காரவச்சு அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க. நாலு நாளா ஒரு வாய் இறங்கல. படகுல திரி வந்தான் பாருங்க, அன்னைக்குத்தான் சாப்பிட்டேன்."

அக்காவுக்குக் கண்ணைத் துடைக்கலாமென்றால் விரலெல்லாம் பசை. முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

மகள் இரண்டு மடிப்புகளையும் அருகருகே வைத்துக் கறைகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கறை எப்படி ரெண்டுலயும் ஒரே மாதிரி வந்துச்சு?" என்று கேட்டாள்.

"அப்பவே மடிப்பெல்லாம் கழண்டு கிடந்திருக்கும் கண்ணு" என்று தொடங்கிய அக்கா நடுவில் நிறுத்தினார். இருபத்திரண்டு வருடமாக அவர் யோசிக்காத ஒன்றை அப்போதுதான் யோசிக்கிறார் என்று தெரிந்தது. "யாரோ ஒரு பிள்ளை... குகையைப் படிச்சு முடிச்சிட்டு, ஆத்தங்கரையைத் தேடி எடுத்து, அது பக்கத்துல வச்சிருக்கு. ஈரம் அங்கயிருந்து இங்க இறங்கியிருக்கு."

"அவனைத் திரும்பப் பாக்கணும்னு எடுத்திருக்கும்" என்றாள் அந்தக் குழந்தை, இதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

வாசலில் நூலகர் வந்து நின்றதை நான்தான் முதலில் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். நூலகர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "சரியான பிரதி ஷெல்ஃபுல இருக்கு. அதையும் எடுத்துக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்கூடத்துக்குப் போய்விட்டார்.

"பழசு புதன்கிழமை கிடைக்கும்மா" என்றார் அக்கா. "பசை காயணும்."

அவர்கள் போன பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆற்றங்கரையை ஆறாவது இடத்திலிருந்து எடுத்துக் குகைக்குக் கீழே வைத்தார். பென்சிலைச் சீவிக்கொண்டு ஏழாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் 81 என்று தொடங்கினார். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது முடிந்தது. குகையின் கடைசிப் பக்கம், சால்வை போர்த்திய படத்துக்கு அடியில், கறையின் ஓரத்தில் 128. அந்த மடிப்பைக் கவிழ்த்து வைத்தார். ஆற்றங்கரையை எடுத்து விரித்து, முதல் பக்கத்தின் அடியில், அழுத்தி, அச்சடித்ததுபோல 129 என்று எழுதினார்.