பதிமூன்றாம் வாய்ப்பாட்டு ஊர்வலம்

எனக்கு மெதுவாக நடக்க வராது. இப்போதும் வராது. கூட வருகிறவர்கள் நாலடி போனதும் "கொஞ்சம் நில்லேன்டி" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். அப்படிப்பட்ட என்னை, ஏழாவது படிக்கும்போது, திண்டிவனம் தெருக்களில் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நடக்கவைத்தவள் என் சித்தி. அந்தக் கோபம் எனக்கு ரொம்ப காலம் ஆறவில்லை.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமம். டைப்ரைட்டிங்கில் லோயர் முடித்துவிட்டு, ஹையர் படிப்பதற்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அனுப்பும்போதே தாத்தா கண்டிஷன் போட்டுத்தான் அனுப்பினார். நடுவில் அவளைப் பற்றி ஏதாவது பேச்சு காதில் விழுந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும், வருகிற தையில் கல்யாணம். அந்தக் கண்டிஷனுக்கு எங்கள் அப்பா காவல். சித்திக்கோ எப்படியாவது ஹையர் பாஸ் பண்ணி ஓர் ஆபீஸில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று வெறி. சாப்பிட உட்கார்ந்தால்கூட இடது கை விரல்கள் தரையில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்.

அவள் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிர்வீட்டில்தான் எங்களுக்கு டியூஷன். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் படித்தோம். சாயங்காலம் போவோம், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவோம். யாரும் யாரோடும் போகமாட்டோம். ஓடுவோம், சண்டை போடுவோம், மல்லாட்டைக் கடலை வறுக்கிற வண்டியில் நின்று வாசனை பிடிப்போம். சொர்க்கம்.

பெரிய ரோட்டில் ஒரு லாரி எங்கள் தெருப் பையன் ஒருவனின் சைக்கிளை உரசிவிட்டுப் போனதும் அந்தச் சொர்க்கம் முடிந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் அம்மாக்கள் எல்லோரும் குழாயடியில் கூடி, இனிமேல் டியூஷனே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தபோது சித்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நான்தான் டெய்லி அந்தப் பக்கம் போறேனேக்கா. எல்லாத்தையும் நானே இட்டுக்கினு போயி இட்டுக்கினு வர்றேன்."

அம்மாக்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று தெருவே சொன்னது. அப்பாவுக்குக்கூட மச்சினியின் பொறுப்பைப் பற்றிப் பெருமை. எனக்கு மட்டும் பேஜாராக இருந்தது.

சித்தியின் சட்டதிட்டங்கள் தனி. ஜோடியாகத்தான் நடக்க வேண்டும். பெரியவர்கள் ரோட்டுப் பக்கம், சின்னவர்கள் சுவர் பக்கம். ரோட்டைக் கடக்கும்போது எல்லோரும் ஒன்றாகக் கையைத் தூக்க வேண்டும். இதெல்லாம்கூடப் போகட்டும். ஊர்வலத்துக்கு முன்னால் நான், கடைசியில் குடையோடு மளிகைக்கடைக்காரர் மகன். அழைத்துப்போகிற சித்தி எங்கே? நட்டநடுவில்! எந்த ஊரிலாவது தலைவர் கூட்டத்துக்கு நடுவில் ஒளிந்துகொண்டு நடப்பாரா? கேட்டேன். "நடுவுல இருந்தாத்தான்டி ரெண்டு பக்கமும் பாக்க முடியும்" என்றாள்.

அடுத்து, ரோடு. ஒருநாள் மரக்காணம் ரோட்டைச் சுற்றிப் போவோம், மறுநாள் கடைத்தெரு வழியாக, அதற்கடுத்த நாள் கோயிலைச் சுற்றிக்கொண்டு. குறுக்கே போனால் ஒரே ஓட்டத்தில் வீடு. சித்தியோ ஊரையே அளந்துகொண்டு வருவாள். எனக்குக் கால் துறுதுறுவென்று இருக்கும், முன்னால் ஓடப் பார்ப்பேன், "ஏய், நில்லு!" என்று குரல் வரும். நின்று திரும்பிப் பார்த்தால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். எனக்குப் பின்னால், எங்களுக்கும் பின்னால், ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதையெல்லாம் விட மோசம் வாய்ப்பாடு. நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று "ம், வாய்ப்பாடு!" என்பாள். உடனே நான் தொடங்க வேண்டும், எல்லோரும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். வீட்டு வாசலில் நிற்கிறவர்கள், டீக்கடையில் இருக்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் "ஷோக்கா சொல்லுதுங்க பாரு" என்பார்கள். எனக்கு மானம் போகும். என்னோடு படிக்கிற பெண்கள் அந்தத் தெருக்களில்தான் இருந்தார்கள்.

அப்போதெல்லாம் ஒரு சிவப்பு பைக் எங்களைக் கடந்து போகும். பிறகு முன்னால் எங்காவது நிற்கும். மறுபடியும் கடந்து போகும். மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை போட்ட ஒருவன். எனக்கு அவன் மேல் பொறாமைதான். பைக் இருந்தால் இந்த ஜோடி நடையெல்லாம் தேவையில்லையே! ஒருநாள் டியூஷன் வாசலில் நின்றுகொண்டு, "பாப்பா, இன்னிக்கு எந்த ரோட்ல போவீங்க?" என்று என்னைக் கேட்டான். எனக்கே தெரிந்தால்தானே! தினம் ஒரு ரோட்டில் சுற்றவிடுகிறாள், கால் வலிக்கிறது என்று என் வயிற்றெரிச்சலையெல்லாம் அவனிடமே கொட்டினேன். அவன் சிரித்தான்.

அன்றைக்கோ அதற்கு ஒருசில நாள் கழித்தோ, திரும்பி வருகிற வழியில் கரண்ட் போனது. ரயில்வே லைனை ஒட்டின ரோடு. ஒரு பக்கம் முள்வேலி, இன்னொரு பக்கம் பூட்டிக் கிடக்கிற குடோன். கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடையில் மட்டும் பெட்ரோமாக்ஸ் எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் அந்த பைக் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அவன் அதில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"வாய்ப்பாடு" என்றாள் சித்தி.

"எத்தனாவது?"

"எதுனா சொல்லு, ஜல்தி!"

ஜல்தி என்றதும் என் வாயில் வந்தது பதிமூன்று. ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியாது, அது எனக்குச் சரியாக வராத வாய்ப்பாடு. ஆறு வரைக்கும் ஓட்டிவிட்டேன். பதிமூணு ஏழு... நின்றுவிட்டேன். பின்னால் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவன் பைக்கை விட்டு நகர்ந்து எங்களை நோக்கி வந்தான். நடுவில் இருந்த சித்தி இரண்டு எட்டு முன்னால் வந்து என் தோளைப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்று நனைந்திருந்தது.

"நிறுத்தாதடி. தப்பா இருந்தாலும் பரவால்ல, கத்து!"

எனக்கு ஆத்திரமாக வந்தது. தப்பென்று தெரிந்தே கத்தச் சொல்கிற ஆளை எங்கேயாவது கண்டதுண்டா? அந்த ஆத்திரத்தில் முழுத் தொண்டையும் திறந்து கத்தினேன்: "பதிமூணு ஏழு எண்பத்தேழு!" மற்றவர்களும் கத்தினார்கள். சித்தி எங்கள் எல்லோரையும் விடப் பெரிதாகக் கத்தினாள்: "எண்பத்தேழு! எண்பத்தேழு!"

டீக்கடையிலிருந்து ஒருவர் கையில் கிளாஸோடு எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, மீசை நரைத்த மனிதர். அவருக்குப் பின்னால் டார்ச் லைட்டோடு இன்னும் சிலர்.

"இன்னாமா இது? பதிமூணு ஏழு எண்பத்தேழா? எந்த வாத்தியாருமா சொல்லிக்குடுத்தது?" டார்ச் வெளிச்சம் பிள்ளைகள் மேல் போய், சித்தி மேல் போய், குறுக்கே நின்ற பைக்கில் நின்றது. "நீ யாருப்பா? வண்டிய ஏன் நடுரோட்ல உட்டுக்கினு நிக்கிற?"

அவன் ஏதோ முணுமுணுத்தான். வண்டி உதைத்ததும் கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். கிளம்பிப் போய்விட்டான். அந்த மீசைக்காரர் எங்கள் தெரு முனை வரைக்கும் டார்ச் அடித்துக்கொண்டே கூட வந்தார். வழியெல்லாம் எனக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொடுத்தார். செத்தேன் போ என்று இருந்தது. சித்தி எங்கள் தெருப் பிள்ளைகளிலேயே சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். நடுரோட்டில் தப்புத் தப்பாக வாய்ப்பாடு கத்தச் சொன்னாள், ஊரே சிரித்தது, இனிமேல் நான் இவளோடு போகமாட்டேன். பைக்கைப் பற்றிச் சொல்லத் தோன்றவே இல்லை. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

அப்பா நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார். "ஏம்மா, எதுனா பிரச்சனையா? பிரச்சனைன்னா சொல்லிடு. கிளாஸ நிறுத்திக்கலாம், உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஒண்ணுமில்ல மாமா" என்றாள் சித்தி. "பிள்ளைங்களுக்குப் பயம் தெளியட்டும்னு கத்தச் சொன்னேன்." அவள் முகம் வெளுத்திருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் முதுகில் ஓர் அடி வைத்து, "நாளைக்கும் நீ போற. தினமும் போற" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன நியாயம் இது என்று அழுதுகொண்டே படுத்தேன்.

பரீட்சை வரைக்கும் அந்த ஊர்வலம் நடந்தது. சிவப்பு பைக்கை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

எத்தனையோ வருஷம் கழித்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயங்காலம். வேலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒருவன் நான் போகிற இடத்துக்கெல்லாம் வந்தான். பெட்டிக்கடைக்குப் போனால் அங்கே, டைம் கீப்பர் ஆபீஸ் பக்கம் போனால் அங்கே. சுற்றும்முற்றும் பார்த்தேன். ஓர் அம்மாள் பிள்ளைகுட்டிகளோடு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் விறுவிறுவென்று போய் அந்தக் குழந்தைகளுக்கு நட்டநடுவில் நின்றுகொண்டேன். அவற்றில் ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, உனக்கு வாய்ப்பாடு தெரியுமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. பஸ் வந்தும் ஏறத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

சித்தி ஹையரில் பாஸ் பண்ணின அன்றைக்கு எங்களையெல்லாம் வரிசையில் நிற்கவைத்து லட்டு கொடுத்தாள். "நீங்க இல்லன்னா நான் பாஸ் பண்ணியிருக்கவே மாட்டேன்" என்று சொல்லி, ஒவ்வொருவர் கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். அப்போது எனக்கு அந்தப் பேச்சு அசட்டுத்தனமாகப் பட்டது. எங்களை அழைத்துக்கொண்டு போனவள் அவள். துணைக்கு வந்தவள் அவள். நாங்கள் என்ன செய்தோம்?

"ஏன் சித்தி, டைப்பிங் பரீட்சையில பதிமூணாம் வாய்ப்பாடா கேட்டாங்க?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. இன்னொரு லட்டு எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"ஆமான்டி. அதத்தான் கேட்டாங்க."