ஓர வரிசைக் கிழங்கு

அந்தப் பிள்ளை நான் கொடுத்ததைத் தின்றுதான் விழுந்தாள். அது எனக்குத் தெரியும். அங்கே நின்ற வேறு யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். எனக்கோ வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் ஆண்டவர் எனக்குச் செய்ததைத்தான் விசுவாசிகளாகிய உங்களுக்கு எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996 மே மாதம் அது நடந்தது. எனக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் வேலை செய்துவந்தேன், இன்றும் அங்கேதான். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பி வாசிக்கச் சொல்வார். அடி வாங்குவேன், வாசிக்க மாட்டேன். சபையில் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபித்துக்கொண்டு வருவார்கள். என் முறைக்கு இரண்டு பேர் இருக்கும்போதே எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவனைப்போல வெளியே போய்விடுவேன். இப்படியே நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

என் அம்மா பிறந்த ஊர் கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கம். உதியன்குளங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிழக்கே கொஞ்ச தூரம் போக வேண்டும். அங்கே அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா இருந்தார். மாமாவுக்கும் மாமிக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைவதால், சனிக்கிழமை வீட்டில் ஸ்தோத்திர ஜெபமும் சாப்பாடும் வைத்திருந்தார்கள். என் மனைவி மகளின் பிரசவத்துக்குத் துணையாக நின்றுவிட்டாள். நானும் அம்மாவும் மட்டும் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தோம்.

அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே அவள் பேச்சு மாறிவிட்டது. பாதி மலையாளம், பாதி தமிழ். வீட்டில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். முற்றத்தில் மாமாவின் மகன் வில்சன் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான்.

"வா மக்கா, இரி. வழியில கஷ்டம் ஒண்ணும் இல்லியே?" என்று மாமி கேட்டார்.

நான் சிரித்தேன்.

பந்தல் மேலிருந்து வில்சன் சொன்னான், "அம்மா, நீங்க வேற. அத்தானுக்கு உப்பு தின்னு தின்னு நாக்கு ஒட்டிப்போச்சாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் கேலியில் அன்புதான் இருந்தது.

வில்சனின் மகள் பிரீதாவுக்கு எட்டு வயது. அந்த வீட்டில் என்னிடம் பதில் எதிர்பார்க்காமல் பேசியவள் அவள்தான். "மாமா, உங்க ஊர்ல கடல் உண்டா? உண்டு, இல்லியா? எங்களுக்கும் பொழியூர்ல உண்டு. எந்தக் கடல் பெருசு? எங்க கடலாக்கும் பெருசு." கேள்வியும் அவளே, பதிலும் அவளே. எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. அன்று முழுக்க என் பின்னாலேயே சுற்றினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாண்டி மாமி சொன்னார், "மீன்காரி இப்பம் வருவா. மீனுக்குக் கூட்டா அவிக்கக் கெழங்கு பறிக்க ஆளில்லியே." ஆண்கள் எல்லாரும் பந்தல் வேலையில் இருந்தார்கள். பேசத் தெரியாதவன் வேலையாவது செய்யலாமே என்று நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரச்சீனித் தோட்டத்துக்குப் போனேன். மரவள்ளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எந்தப் பக்கம் பறிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. வழியோரமாக நின்ற செடிகள் தண்டு பருத்து நன்றாக இருந்தன. அதில் இரண்டு செடியை மூட்டோடு பிடுங்கினேன். கிழங்கு கை பருமன் இருந்தது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த ஊரில் தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு வரிசை வேறு இனத்தை நடுவார்கள். அந்தக் கிழங்கில் விஷம் உண்டு. அதைக் கட்டு என்று சொல்கிறார்கள். எலியும் பன்றியும் அதைத் தொடாமல் திரும்பிவிடும், உள்ளே இருக்கிற நல்ல கிழங்கு தப்பும். ஓர வரிசையைச் சீவி, கொதிக்க வைத்து, தண்ணீரைக் கொட்டி, வெயிலில் உலர்த்தித்தான் உபயோகிப்பார்கள். அங்கே இது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த காரியம். அதனால்தான் யாருக்கும் என்னிடம் சொல்லத் தோன்றவில்லை.

மீன்காரி வரவில்லை. கிழங்கு அடுக்களை வாசலில் அப்படியே கிடந்தது. மறுநாள் சமையலுக்காக முற்றத்தில் புது அடுப்பு வெட்டி, ஈரம் காயத் தீ போட்டிருந்தார்கள். பிரீதா ஒரு கிழங்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, இதைச் சுட்டுத் தாருங்க. நான் சோறு தின்னல்ல."

புது உடுப்பைப் போட்டுப் பார்க்கிற குஷியில் அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. நான் கிழங்கை வெட்டித் தீயில் போட்டேன். இரண்டு துண்டு தின்றாள். மூன்றாவதைக் கடிக்கும்போது, "கய்க்குது மாமா" என்றாள்.

"கரி பட்டிருக்கும். தொலியை நல்லா உரிச்சுத் தின்னு" என்றேன்.

நானும் ஒரு துண்டு கடித்துப் பார்த்தேன். கசந்தது. அது கரியின் கசப்பு இல்லை. துப்பிவிட்டேன். மாமியிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். அடுக்களையில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். அங்கே போய் நின்று, உங்கள் கிழங்கு கசக்கிறது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். அதற்குள் பிரீதா மூன்றாவது துண்டையும் தின்றுவிட்டு ஓடிப்போனாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விறகு அடுக்கியிருந்த பக்கம் கூச்சல் கேட்டது. போய்ப் பார்த்தால் பிரீதா வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தாள். மூச்சு வேகமாக வாங்கியது. கண் சொருகியது. காலில் முள் குத்தியதுபோல இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

பக்கத்து வீட்டு மணியன் அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்தான் காலைப் பார்த்தார். "பாம்பாக்கும். காலைலயே இந்த விறகுக்குள்ள ஒண்ணு போறதைப் பார்த்தேன். வெள்ளறடைக்கு மேல ஒரு விஷ வைத்தியர் உண்டு. என் தம்பியைப் பிழைக்க வச்சது அவராக்கும். நான் வண்டியை எடுக்கேன், கொண்டா பிள்ளையை."

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். வில்சன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். வெள்ளறடை கிழக்கே மலைப்பக்கம். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற நெய்யாற்றின்கரை எதிர்ப்பக்கம்.

நான் பலா மரத்தடியில் நின்றேன். பாம்பு இல்லை, கிழங்கு என்று சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. கூச்சம் மட்டும் இல்லை, பயமும் இருந்தது. சொன்னால் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் நான்தான் என்று ஆகிவிடும். அம்மா இந்த வீட்டுப் படியை இனி எப்படி ஏறுவாள்? ஒருவேளை பாம்பாகவே இருக்கலாம், வைத்தியர் பார்த்துக்கொள்வார் என்றுகூட என் மனம் சொன்னது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த ஒரு நிமிஷம் நான் அப்படித்தான் இருந்தேன்.

ஆட்டோ ஸ்டார்ட் ஆனது. அப்போது மனதுக்குள் கெஞ்சினேன். "ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும். பழி என்மேல் இருக்கட்டும். பிள்ளை பிழைக்கட்டும்." அவ்வளவுதான் என் ஜெபம். வேறு வார்த்தை வரவில்லை.

அடுத்து நடந்தது என் பலத்தால் நடந்ததல்ல. நான் ஓடிப்போய் ஆட்டோவுக்குக் குறுக்கே நின்றேன். "பாம்பு இல்லை, பாம்பு இல்லை" என்று கத்தினேன். அந்தச் சத்தம் என்னிடமிருந்து வருகிறது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

"வழியை விடுங்க அத்தான்" என்று வில்சன் அலறினான்.

"கிழங்கு. நான்தான் சுட்டுக் கொடுத்தேன். கசக்குதுன்னு அவ சொன்னா. நானும் கடிச்சுப் பார்த்தேன், கசந்துச்சு."

"பயத்துல என்னமோ பேசுகாரு. நேரத்தைக் களையாதிங்க" என்றார் மணியன் அண்ணன்.

பெரிய மாமா வந்து என் தோளைப் பிடித்தார். "எலே, கெழங்கு எங்கயிருந்து பறிச்சே?"

"ஓரத்துல. வழிப் பக்கம்."

மாமாவின் முகம் வெளுத்துப்போனது. மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அது கட்டுள்ளதாக்கும், அது கட்டுள்ளதாக்கும்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

மாமா சொன்னார், "மணியா, வைத்தியர் வேண்டாம். நெய்யாற்றின்கரைக்கு விடு. ஞானமுத்து, நீயும் ஏறு. டாக்டர்ட்ட நீயாக்கும் சொல்லணும்."

மணியன் அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. வண்டியைத் திருப்பினார். அந்த ரோட்டில் அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. அவரையும் ஆண்டவர்தான் அங்கே நிறுத்தியிருந்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மலையாளத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். எத்தனை துண்டு, எவ்வளவு பெரியது, எத்தனை மணிக்கு, வெறும் வயிறு, கசந்தது. எல்லாம் சொன்னேன். ஒரு தடவைகூட நாக்குத் தடுமாறவில்லை. உடனே உள்ளே கொண்டுபோய் வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள்.

வெளியே பெஞ்சில் நானும் வில்சனும் இருந்தோம். அவன் தரையைப் பார்த்தபடியே கேட்டான், "கய்க்குதுன்னு பிள்ள சொன்னப்பம், அடுக்களையில வந்து ஒரு வார்த்தை கேக்கப்படாதா அத்தான்?"

"கேட்டிருக்கணும்" என்றேன். கண்ணை மூடி, பிள்ளையின் பெயரை மட்டும் திரும்பத் திரும்ப ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்தபோது டாக்டரம்மா வந்தார். ஆபத்தைத் தாண்டிவிட்டாள் என்றார். கிழங்கு என்று முதலிலேயே தெரிந்ததால்தான் தாமதமில்லாமல் செய்ய முடிந்தது, மலைப்பக்கம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அந்த வார்த்தையை நான் என் ஜெபத்துக்கு வந்த பதிலாகவே கேட்டேன்.

நாங்கள் உள்ளே போனபோது பிரீதா கண் விழித்திருந்தாள். குரல் மெல்ல வந்தது.

"மாமா, நீங்க ஆட்டோவுக்குக் குறுக்க நின்னு கூப்பாடு போட்டியள்."

"உனக்குக் கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுது. உங்களுக்கு இம்புட்டு சத்தம் உண்டா?"

வில்சன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "வாங்க அத்தான், ஒரு சாயா குடிப்போம்" என்றான். இருவரும் குடித்தோம். அவ்வளவு ருசியான சாயாவை அதற்கு முன் நான் குடித்ததில்லை.

பிள்ளை வராமல் மாலை போட்டுக்கொள்ள மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். அதனால் சனிக்கிழமை விருந்து நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரீதாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆராதனை முடிந்து, மத்தியானம் பந்தலில் ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. போதகர் வந்திருந்தார். மாமாவும் மாமியும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. குனிந்துகொண்டிருந்தேன்.

மாமா எழுந்தார். "ஓரத்துல கட்டுள்ளதை நட்டவன் நானாக்கும். வந்த பிள்ளையிட்ட ஒரு வார்த்தை சொல்லாததும் நானாக்கும். இவன் சொன்னதுனால எங்க குஞ்சு இங்க இருக்கா. சாப்பாட்டு ஜெபத்தை ஞானமுத்து செய்யட்டும்."

பின்னாலிருந்து யாரோ, "அவரு வாயைத் தொறக்கதுக்குள்ள சோறு ஆறிப்போவும்" என்றார்கள். பந்தல் முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். ஆனால் இந்தத் தடவை வெளியே போகவில்லை. பிள்ளையைத் தந்ததற்கு நன்றி சொன்னேன். மாமா மாமிக்காக நன்றி சொன்னேன். மணியன் அண்ணனுக்காகவும் சொன்னேன். வேண்டிக்கொள்ள இன்னும் இரண்டு காரியம் மனதில் இருந்தது. அதற்குள் பிரீதா பசி தாங்காமல் "ஆமென்" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் அவளோடு சேர்ந்து ஆமென் சொன்னார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிரீதா இப்போது ஐந்தாம் வகுப்பு. எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறாள். நான் சபையில் என் முறை வரும்போது ஜெபிக்கிறேன். சின்ன ஜெபம்தான். தெரியாததைக் கேட்கிறேன். தப்புச் செய்தால், யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் கூட வேலை செய்கிறவர்கள் அதிசயமாகப் பார்க்கிறார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது, சொல்லியே ஆக வேண்டிய ஒன்று தொண்டையில் நிற்கலாம். கூச்சமாக இருக்கும். பழி வரும் என்று பயமாகவும் இருக்கும். எனக்கும் பழி வரத்தான் செய்தது. அந்த பெஞ்சில் வில்சன் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. ஆனால் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். நீளமாக ஜெபிக்கத் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். "வாயைத் திறந்துவிடும்" என்று மட்டும் கேளுங்கள். அவர் திறப்பார். திறந்ததும் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள்.