யுகேந்திரனும் வெட்டாத பதினாறு பக்கமும்

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை வரிசைக்கு மேல், மாடியில் அரிய நூல் கடை வைத்திருக்கும் யுகேந்திரனுக்கு வயது நாற்பத்து மூன்று. பதிப்பித்த ஆண்டு, அச்சகம், அட்டை, தையல், பூச்சி அரித்த இடம், எதைக் கேட்டாலும் சொல்வான். உள்ளே என்ன கதை என்று மட்டும் கேட்கக் கூடாது. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்பானா என்பது அவன் வாதம்.

வாடிக்கையாளர்களும் அவனுக்குத் தோதாகவே வாய்த்தார்கள். அம்பாங்கில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பணக்காரர், சோபாவுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியை நிரப்ப அடிக்கணக்கில் வாங்குவார். "பிரவுன் கலரா பாரு தம்பி. கர்ட்டனுக்கு மேட்ச் ஆகணும்."

கேரி தீவில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது யுகேந்திரனுக்கு ஒரு நாவல் கிடைத்தது. 'சந்திரவதனி அல்லது மாயமான மாப்பிள்ளை.' முப்பதுகளில் பினாங்கில் அச்சானது. முதல் தாளில் மையால் 'நல்லம்மாள்' என்று எழுதியிருந்தது. தாளை மடித்துத் தைத்த அச்சகத்தார் கடைசிப் பதினாறு பக்கங்களின் விளிம்பை வெட்ட மறந்துவிட்டார்கள். ஆகவே அவற்றை யாரும் பிரித்ததில்லை. யாரும் வாசிக்காத பக்கத்துக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு அதிகம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மறுநாளே பக்கங்கள் தாமாகப் புரளத் தொடங்கின. மோனோரயில் அதிர்வு என்று நினைத்தான். மோனோரயில் நிறுத்தி நிதானமாக வாசிக்காது. வெட்டாத இடம் வந்ததும் புரளல் நிற்கும். ஒரு பெருமூச்சு கேட்கும். மறுபடி முதல் பக்கம்.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். யுகேந்திரன் அந்த நல்லம்மாள் மேல் காதலில் விழுந்தான். அந்தக் கடைக்கு வாசிக்கிற ஆள் என்று அதுவரை யாரும் வந்ததில்லை அல்லவா. மல்லிகை வாசம்கூட வந்தது. கீழே பூக்கடை இருப்பதை அவன் வசதியாக மறந்துபோனான்.

ஆனாலும் பேயைக் கட்டிக்கொள்ள முடியாது. பதிவு இலாகாவில் அடையாள அட்டை கேட்பார்கள். அந்த நேரத்தில்தான் கிள்ளானில் பல் மருத்துவமனைத் தாதியாக இருக்கும் ஷாமினி அறிமுகமானாள். சில மாதங்கள் பழகியதில் அவளை நிஜமாகவே பிடித்துப் போயிற்று. கடையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள் அவள். சிக்கலே அங்கேதான். முன்பு சம்பந்தம் பேசிக் கடை பார்க்க வந்த இரண்டு பெண்களும் பக்கம் புரள்வதைக் கண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படி இறங்கியவர்கள். ஷாமினியும் அப்படிப் போய்விட்டால் இனி யாரும் வர மாட்டார்கள்.

ஆகவே அவளைச் சரஸ்வதி பூஜை அன்று வரச் சொன்னான். அன்று புத்தகங்கள் சாமி முன்னால் இருக்கும். தொடக் கூடாது, வாசிக்கக் கூடாது. பேயானாலும் தமிழ்ப் பேய், சம்பிரதாயம் மீறாது என்பது அவன் கணக்கு.

நல்லம்மாள் மீறவில்லை. வாசிக்க எதுவும் இல்லாததால் பொழுது போகாமல் வெளியே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் பெரிய பொட்டு, கண்டாங்கிச் சேலை, சேலைக்குப் பின்னால் இருந்த சுவர் லேசாகத் தெரிந்தது.

சுண்டல் டப்பாவோடு படியேறி வந்த ஷாமினி நின்று பார்த்தாள். தினமும் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்க்கிறவள், எளிதில் மிரள மாட்டாள்.

"ஆன்டி, நீங்களும் புக் வாங்க வந்தீங்களா?"

"வாங்க இல்லம்மா. முடிக்க வந்தேன். பாதியில காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துட்டேன். மடிப்புக்குள்ள எட்டிப் பார்த்தா கல்யாணப் பந்தல் தெரியுது, மாப்பிள்ளை தெரியல. இந்தத் தம்பி வெட்ட மாட்டேங்குது."

காதலி வாயால் தம்பி என்று கேட்ட யுகேந்திரன் அலமாரியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏங்க வெட்டல?" என்றாள் ஷாமினி.

"வெட்டாம இருந்தாதான் ரேர் லா."

"கதை என்னா ஆச்சுன்னு தெரிய வேணாமா?"

"நான்... வாசிச்சதில்ல."

"ஒண்ணுகூடவா?"

அவன் நல்லம்மாளைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். "முடிச்சிட்டா நீங்க போயிடுவீங்களே."

"போகாம? கதைக்காக உட்கார்ந்திருக்கேன். உனக்காகவா உட்கார்ந்திருக்கேன்?"

ஷாமினி கத்தியைத் தேடினாள். கத்தி, கத்தரிக்கோல், பேப்பர் வெட்டும் பிளேடு எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி முன்னால் இருந்தன. ஆயுதங்களுக்கும் அன்றுதான் ஓய்வு. மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நாளைக்குக் காலையில வரேன்," என்றாள் ஷாமினி. "வெட்டியிருந்தா பேசலாம். வெட்டலன்னா இந்தப் புக்கையே கட்டிக்கோங்க."

விஜயதசமி காலை. ஷாமினி வந்தபோது யுகேந்திரன் கையில் கத்தி இருந்தது. அவள் கண்ணெதிரே மடிப்பை ஒவ்வொன்றாக வெட்டினான். இனி அது சாதாரணப் பழைய புத்தகம். நல்லம்மாள் குனிந்து உரக்க வாசித்தாள். கதையில் மாப்பிள்ளையைப் பந்தலில் தேடினார்கள், கிணற்றில் தேடினார்கள், துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி:

'முதல் பாகம் முற்றிற்று.'

நல்லம்மாள் அந்த ஆசிரியரின் பரம்பரையைப் பற்றிச் சொன்னதை இங்கே அச்சிட முடியாது.

"அப்போ அவன் எங்கதான் போனான்?" என்றான் யுகேந்திரன். குரலில் நிஜமான கோபம். முன் பக்கங்களைப் பரபரவென்று திருப்பி, ஏதாவது துப்பு இருக்கிறதா என்று வாசிக்கவே ஆரம்பித்துவிட்டான். விரல் பட்டு ஒரு தாளின் ஓரம் கிழிந்ததை அவன் கவனிக்கவில்லை. ஷாமினி கவனித்தாள்.

"கிள்ளான்ல பழைய புக் வெச்சிருக்கிற வீடு நெறைய இருக்கு. ரெண்டாம் பாகம் யார்கிட்டயாவது இருக்கும். கார் கீழதான் நிக்குது," என்றாள்.

நல்லம்மாள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். யுகேந்திரன் புத்தகத்தோடு பின்னால் உட்கார்ந்தான். ஃபெடரல் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். ஷாமினி கண்ணாடி வழியே அவனைப் பார்த்தாள்.

"சரி, எனக்குச் சம்மதம். எங்க வீட்டுல வந்து பேசுங்க."

அவன் வாய் திறப்பதற்குள் முன்சீட்டிலிருந்து பதில் வந்தது.

"ரோட்டைப் பார்த்து ஓட்டும்மா."