ஈரத்துக்குக் கழித்த பிள்ளை

தோல் ஷாப்பில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்: பச்சைத் தோலும் பச்சைக் குழந்தையும் ஒன்றுதான், வந்து இறங்கிவிட்டால் 'சாப்பிட்டு வருகிறேன், கொஞ்சம் இரு' என்று இரண்டிடமும் சொல்ல முடியாது. தோலாவது உப்புப் போட்டால் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளும்.

கண் சிவந்து, சட்டையில் பால் வாடையோடு, கிழமை மறந்து திரியும் புதுத் தகப்பன்மார்களே, இது உங்களுக்காக எழுதியது. நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் குமாஸ்தா. வண்டியில் வரும் தோலைக் காதர் பாய் தராசில் போட்டு எடையைக் கூவுவார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் எழுதிக்கொள்வேன். அவர் கூவ வேண்டும், நான் எழுத வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். தராசுப் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

எங்கள் முதல் குழந்தை, முறைப்படி, என் மனைவி மரகதத்தின் அண்ணன் வீட்டில் கணியம்பாடியில் பிறந்தது. தாயில்லாத பெண்ணுக்கு அண்ணன் வீடுதானே தாய்வீடு. பெண் குழந்தை என்று தகவல் வந்தது. மாதம் கழிந்து வந்து பார்த்தால் போதும் என்றார்கள். நானும் நல்ல மாப்பிள்ளையாக இங்கேயே உட்கார்ந்திருந்தேன். பால் சரியாகக் குடிக்காமல், இளைத்து இளைத்து, இருபத்தோராம் நாள் குழந்தை போய்விட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் மகளின் முகம் எனக்குத் தெரியாது.

மறுபடி வயிற்றில் தங்கியபோது மரகதம் ஊருக்குப் போக மறுத்துவிட்டாள். என் தாயாரும் காலமாகிவிட்டார், கூட இருந்து பார்க்க வீட்டில் ஒரு பெண்பிள்ளை இல்லையே என்று நான் இழுத்தேன். அவள் சொன்னாள்: "பொம்பளை இல்லன்னா போவட்டும், நீங்க இருக்கீங்களே. நல்லதோ கெட்டதோ, இந்த வாட்டி ரெண்டு பேரும் கூட இருந்து பாக்கலாம்."

பல்வலி

பையன் பிறந்தான். மூன்றாம் நாளே மானேஜர் சாயபுவிடம் போய், தினம் மத்தியானம் இரண்டு மணி நேரம் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெத்தது அவளா, நீயா?" என்றார். முதல் குழந்தையின் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போய்ட்டு வா. ஆனா யாராவது கேட்டா பல்லு வலின்னு சொல்லு. பொண்டாட்டிக்காகன்னு தெரிஞ்சா மொத்த ஷாப்பும் வந்து வரிசையில நிக்கும்" என்றார். அப்படியே சொல்லி வந்தேன். முதல் வாரம் எல்லோரும் அனுதாபத்தோடு கிராம்பு கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் ஊற வைக்கும் தொட்டியில் வேலை செய்யும் சின்னப்பன் என் வாயை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னா அண்ணே, தினம் சாப்பாட்டு நேரத்துக்குக் கரெக்டா வலிக்குதே, பல்லுக்கு மணி பாக்கத் தெரியுமா?"

காலை நீட்டி உட்கார்ந்தது

பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஏழு நாள் வந்து குழந்தையைக் குளிப்பாட்டினாள். எட்டாம் நாள் வேறு தெருவில் வேறு பிரசவம் என்று போய்விட்டாள். மரகதத்துக்கு இன்னும் குனிய முடியவில்லை. ஆகவே தாழ்வாரத்தில் பலகை போட்டு, வேட்டியை வரிந்து கட்டி, காலை நீட்டி உட்கார்ந்தேன். முழங்காலுக்குக் கீழே, நீட்டிய கால்களின் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டுக்கொண்டேன். அவன் நடுங்குகிறான் என்று பயந்து பார்த்தால், நடுங்கியது என் கால்.

மரகதம் கட்டிலை விட்டு மெல்ல எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அவன் ஒண்ணும் ஒடைஞ்சு போவமாட்டான். தண்ணிய மொண்டு முதுவுல ஊத்துங்க. கையால மறைச்சு ஊத்துங்க, மூக்குல போவும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். எப்படியோ பிள்ளையும் நனைந்தான், நானும் நனைந்தேன், அவளும் நனைந்தாள். கதவைச் சாத்தத்தான் மறந்துவிட்டோம். எதிர்வீட்டு முனியம்மா வாசலில் நின்று முழுசாகப் பார்த்துவிட்டுத் தன் புருஷனிடம் போய்ச் சொன்னது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது: "யோவ், அவரு கால நீட்டினா புள்ளைக்குக் குளியலு. நீ கால நீட்டினா எனக்குச் சோறு போடுற வேலை."

ஒரு கை மிளகு

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் போட்டுக் குழம்பு வைக்க வேண்டும். கட்டிலில் படுத்தபடி மரகதம் சொல்லச் சொல்ல நான் செய்தேன். பூண்டு எத்தனை பல், புளி எவ்வளவு, எல்லாம் சரியாகவே போட்டேன். மிளகு ஒரு கை என்றாள். ஒரு கை போட்டேன்.

சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கிலும் கொட்டியது. ஆனாலும் தட்டைக் கீழே வைக்காமல் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். பால் ஊற வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும், அதனால் எனக்கும் கண் கலங்கியது. எப்படி இருந்தது என்று கேட்டேன். என் கையைப் பிடித்து விரித்து, அதன்மேல் தன் கையை வைத்துக் காட்டினாள். என் கையில் பாதிதான் இருந்தது. "கொழம்பு நல்லா இருக்குது. நாளைக்கு மட்டும் இந்தக் கையால அளந்து போடுங்க."

நாற்றம்

ஷாப்பிலிருந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு நான் தூக்கினாலும் பிள்ளை வீல் என்று கத்துவான். தோல் நாற்றம்தான் காரணம் என்று முனியம்மா தீர்ப்புச் சொன்னாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், கடலைமாவு போட்டுத் தேய்த்தேன், என் தோலே பதமாகிவிடும் போலிருந்தது. வாசனையாக வந்து தூக்கினால் முன்னைவிடப் பலமாகக் கத்தினான்.

ஒருநாள் மரகதத்துக்குத் தலைசுற்றல். உள்ளே நுழைந்த வேகத்தில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தூள் அப்பிய சட்டையோடு பிள்ளையை வாங்கிக்கொண்டேன். என் அக்குளில் மூக்கைப் புதைத்து ஒரு பெருமூச்சு விட்டான், தூங்கிவிட்டான். தலைசுற்றலோடு மரகதம் சிரித்தாள்: "பத்து மாசம் வயித்துல வெச்சுக்கிட்டு இந்தச் சட்டையத் தொவைச்சவ நான்தானே. அவன் அப்பன் வாடை இதுதான்னு அவனுக்குத் தெரியாதா?"

முதல் வெள்ளி

பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். கொக்கித் தராசில் தொட்டில் போலத் துணி கட்டி எடை பார்த்தார். ஆறரை ராத்தல். முதல் குழந்தையின் கதையைக் கேட்டுவிட்டு, "வாரா வாரம் எடை போடுங்க. ஏறிக்கிட்டே வரணும். மூணாவது வாரமும் ஏறலைன்னா, யோசிக்காம வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லிப் போனார்.

எடை போட எனக்கா இடமில்லை? வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. ஒன்பதாம் நாள், ஜும்மாத் தொழுகை முடிந்து வந்த காதர் பாய் கிடங்கைத் திறந்தார். தராசுத் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார். பிள்ளைக்கு அடியில் ஒரு வேட்டியை மடித்துப் போட்டவர், எதிர்த் தட்டிலும் அதே அளவு வேட்டியை மடித்துப் போட்டார். அவ்வளவு நியாயஸ்தர். பிள்ளையைத் தட்டில் விட்டதும் எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முப்பது வருஷமாகக் கூவிய அந்தக் குரல் கூவியது: "அஞ்சே முக்கால்!"

இரண்டாம் வெள்ளி

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கிடங்குக்கு வந்த தோலெல்லாம் சொட்டச் சொட்ட வந்தது. பதினாறாம் நாள் பிள்ளையைக் குடைக்குள் மூடிக்கொண்டு போனேன். மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றேன். அஞ்சரை என்று கூவினார் காதர் பாய். கூவிவிட்டு அவரும் முகம் வாடிப்போனார். பிறந்ததற்கு ஒரு ராத்தல் குறைச்சல். மூத்தவளைப் போலவே இவனும் கரைகிறான் என்று நினைத்தபடி பிள்ளையை வாரி மார்போடு மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, ஏழு ராத்தல் என்று மரகதத்திடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாற்போல் தலையாட்டினாள். சாயங்காலம் அடுப்பங்கரையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொன்னால் நான் காதைத் தடவுவேனாம். இரண்டு வெள்ளியின் கணக்கையும் உள்ளபடி சொன்னேன். அவளும் ஒன்றைச் சொன்னாள்: பால் போதவில்லையோ என்று ஒரு வாரமாகச் சந்தேகமாம், நான் பயப்படுவேன் என்று சொல்லாமல் இருந்தாளாம். இரண்டு பேரும் அடுப்பு அணைவதுகூடத் தெரியாமல் அழுதோம். பிறகு அவள்தான் முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் பயப்படக் கூடாது. பயந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் வர்றேன்."

இருபத்தோராம் நாள்

அது புதன்கிழமை. நான் வேலைக்குப் போகவில்லை. பிள்ளையை அன்று முழுவதும் நாங்கள் கீழே விடவில்லை. அவள் மடியிலிருந்து என் மடி, என் மடியிலிருந்து அவள் மடி. ஷாப்பில் வேலை விடும் மணி அடித்தபோது பிள்ளை மரகதத்தின் சேலையெல்லாம் நனைத்தான். இரண்டு பேரும் ஏதோ வரம் கிடைத்த மாதிரி அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தோம். நான் ஏன் வரவில்லை என்று கேட்க சின்னப்பன் வந்தான். எங்களைப் பார்த்தான். போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "அண்ணே, ஷாப்புல எல்லார்கிட்டயும் உங்களுக்குப் பல்லு வலி ஜாஸ்தின்னு சொல்லிடுறேன்."

அஞ்சும் ரெண்டும்

மூன்றாம் வெள்ளி அடைமழை. பிள்ளை பெற்றவள் மாதம் கழியாமல் வாசல் தாண்டுவதா என்று முனியம்மா வாயில் அடித்துக்கொண்டாள். மரகதம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணிமூட்டை கட்டியாகிவிட்டது. எடை ஏறாவிட்டால் கிடங்கிலிருந்து நேரே ஸ்டேஷன், காட்பாடியில் இறங்கி வேலூர் ஆஸ்பத்திரி என்று முடிவு.

பிள்ளையைத் தட்டில் வைத்தோம். நான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தேன். "அஞ்சரை!" என்று கூவினார் காதர் பாய். நான் மூட்டையைத் தூக்கிவிட்டேன். மரகதம் நகரவில்லை. அவளுக்குத் தராசுக்காரர் கூவுவதை நம்பிப் பழக்கமில்லை. எதிர்த் தட்டில் இருந்த கல்லை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"பாய், இது எத்தினி ராத்தல்?"

"அஞ்சும்மா."

"இது?"

"ரெண்டு. அந்தச் சின்னது அரை."

"அஞ்சும் ரெண்டும் ஏழு. அரையும் சேத்தா ஏழரை. நீங்க எப்படி அஞ்சரைன்னு கூவுறீங்க?"

காதர் பாய் கல்லைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார். அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். தோல் வியாபாரத்தில் ஈரத்துக்குக் கழிவு உண்டு. காய்ந்த நாளில் தோலுக்கு ஒரு ராத்தல், மழை நாளில் ஒன்றரை, அடைமழையில் இரண்டு. கல்லைப் பார்த்ததும் அந்தக் கழிவு அவர் மனசுக்குள் தானாகக் கழிந்து, மிச்சம்தான் வாயில் வரும். நானும் கூவியதை நம்பி எழுதுகிறவன். முதல் வெள்ளி ஆறே முக்கால், இரண்டாம் வெள்ளி ஏழு, இப்போது ஏழரை. என் பிள்ளை ஒழுங்காக ஏறிக்கொண்டேதான் இருந்தான், மழைதான் அவனை இறக்கிக்கொண்டே வந்தது! ஏழரை என்றால் ஊரெல்லாம் சனி பிடித்தது என்று அலறும். நான் கிடங்கில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லி அழுதேன். மரகதம் பிள்ளையை வாரி எடுத்து முத்தம் கொடுத்தாள். காதர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டார்: "முப்பது வருசமாக் கூவுற வாயிம்மா இது, தப்பா எடுத்துக்காதே. நாளைக்கு என்னையே தூக்கித் தட்டுல வெச்சாலும் ரெண்டு ராத்தல் ஈரத்துக்குக் கழிச்சுட்டுத்தான் சொல்லுவேன்."

காதர் பாய் கூவியதை இன்றைக்கும் அப்படியே எழுதிக்கொள்கிறேன். பிள்ளை விஷயத்தில் மட்டும் யார் என்ன கூவினாலும், மரகதம் ஒரு தடவை கல்லைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.