ராஸ்கோவின் கழுத்து வயர்

மின்சாரத்தை நிறுத்தினார். இருமினார். தேநீர்க் குவளையை மேசையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். பிறகுதான், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதுபோல, கழுத்தில் கிடந்த வயரை எடுத்து ஒரு முனையை லேப்டாப்பிலும் மறுமுனையைப் பச்சை சர்க்யூட் போர்டின் ஊசிகளிலும் செருகினார் ராஸ்கோ பென்பெர்த்தி. மின்சாரம் இல்லாதபோதுதான் வயர் செருக வேண்டும் என்பது அவருடைய மதம். இருமல் அதன் பிரார்த்தனை.

ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா ஊரில் ஒரு தகரக் கூடம். மாட்டுப் பண்ணைகளின் ஆழ்துளைப் பம்புகளை ஓட்டும் போர்டுகளுக்கு அங்கே உயிர் கொடுக்கிறார். உயிர் என்றால் கெர்னல். போர்டுக்குள் மற்ற எல்லா வேலைகளையும் தொடங்கிவைக்கும் தலைமை நிரல். அது எழும்போது முணுமுணுப்பதெல்லாம் அந்த வயர் வழியே திரையில் ஓடும். வலது கை போர்டுக்கு என்பதால், இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தை இடது கையால்தான் தின்பார். சட்டையில் எப்போதும் தக்காளி சாஸ்.

இந்த வாரத்துப் போர்டு அவரைக் குழப்பிவிட்டது. வயர் இருந்தால் சமர்த்தாக எழுகிறது. கழற்றினால் எழுவதில்லை. ஏன் என்று பார்க்க, மின்சாரத்தை நிறுத்தி, இருமி, வயரைச் செருகி, மறுபடி மின்சாரம் கொடுத்தால் எழுந்துவிடுகிறது! கெர்னலைத் திருத்தினார், திருத்தியதைத் திருத்தினார், கடைசியில் எதைத் திருத்தினோம் என்பதே மறந்துபோனது.

வடக்கேயுள்ள பண்ணையின் மேலாளர் டெல்லா கிரிக், பின்புறம் திறந்த தன் யூட் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"என்னப்பா, ஆச்சா? நாளைக்குத் தொட்டி காலி. மாட்டுக்கு என்ன, பீரா ஊத்த முடியும்?"

"எழுந்திரிக்குது டெல்லா. வயர் இருந்தா."

"அப்ப வயரோட குடு."

"வயர்னா லேப்டாப்பும் வேணும்."

"அதையும் குடு."

"லேப்டாப்புன்னா நானும் வரணும்."

டெல்லா அவரை மேலும் கீழும் பார்த்தார். "மாடே தேவலாம்" என்று வண்டிக்குப் போய் ஹாரனை அழுத்தினார்.

அந்தச் சத்தத்தில் திடுக்கிட்ட ராஸ்கோ, எழாமல் கிடந்த போர்டில் மின்சாரம் ஓடும்போதே, இருமாமலே, வயரைச் செருகிவிட்டார். விரல் பழக்கதோஷத்தில் என்டரைத் தட்டியது. 'தெரியாத கட்டளை' என்றது திரை. பிறகு அடுத்த கட்டளைக்காகக் கண் சிமிட்டியது.

ராஸ்கோவும் சிமிட்டினார்.

கெர்னலுக்கு முறையே வரவில்லை. அதை எழுப்பும் குட்டி நிரல், வயரின் மறுமுனையில் யாராவது பொத்தானை அழுத்தி நிறுத்தச் சொல்கிறார்களா என்று சில நொடி காத்திருக்கும். வயர் கழன்ற ஊசியில் புகுந்த மின் இரைச்சலை அது பொத்தான் என்றே நம்பி, மரியாதையாக நின்றுவிட்டது. வாரம் முழுக்க, உத்தரவுக்குக் காத்திருந்த போர்டின் மின்சாரத்தை நிறுத்தித் தடயத்தை அழித்தது ராஸ்கோவின் மதம்தான்.

காத்திருப்பை நீக்கினார். வயரைக் கழற்றி மின்சாரம் கொடுத்தார். போர்டு எழுந்து பச்சை விளக்கு எரிந்தது. மறுபடியும் நிறுத்திப் போட்டார், எரிந்தது.

"என்னதான் பண்ணுன?" என்றார் வண்டியிலிருந்து திரும்பி வந்த டெல்லா.

"யாரோ கூப்பிடுறாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்துச்சு. காதப் பொத்திட்டேன்."

"அதுக்கா ஒரு வாரம்?"

ராஸ்கோ தரையில் தேநீர்க் குவளையைத் தேடினார்.

போர்டுப் பெட்டியோடு யூட் நகர்ந்ததும் பின்னாலேயே ஓடினார். கண்ணாடி இறங்கியது. ராஸ்கோ இருமினார், கழுத்திலிருந்த வயரைக் கழற்றி, முன் இருக்கையிலிருந்த பெட்டியின் மேல் வைத்தார்.