ஆறு மணி மைல்

இந்த ஊரில் ஓர் ஆள் ஓடினால் பஸ் நின்றுவிடுகிறது. அங்கே இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். கப்பலேறி வந்து தமிழ்நாட்டு மூலைமுடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும் நம் ஆட்கள் ஒருவேளை நம்பலாம். திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் ரோட்டில் விடியற்காலையில் நான் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். பின்னால் வரும் முதல் பஸ் என் பக்கத்தில் வந்து பிரேக் போடும். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுங்க, ஏறுங்க, பதறாம ஏறுங்க" என்பார். வேண்டாம் என்று கையை ஆட்டுவேன். "அப்புறம் ஏனுங்க ஓடுறீங்க?" என்பார். ஒரு நாள் அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் ஏறியே விட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ஓடத் தொடங்கினேன். பஸ் முழுக்கச் சிரித்தது. மாட்டுவண்டிக்காரர்கள் அதற்கும் மேல். "ஊட்டுல ஏதாச்சும் ஆயிப்போச்சா கண்ணு?" என்று வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். இல்லை என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பனியன் கம்பெனிகளுக்குச் சங்கு ஊத இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும்போது, பனியனைப் போட்டுக்கொண்டு ஒருவன் ஏன் ஓட வேண்டும்?

அங்கே என்னை யாரும் கேட்டதில்லை. தோட்டத்தில் நானும் என் தம்பி முத்துவேலும் ஓடுவது தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மணி அடிப்பதைப் போல அன்றாட விஷயம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்பே ஸ்டோரிலிருந்து பள்ளிக்கூட வளைவு வரைக்கும் ஒரு மைல் பாய்ந்து ஓடுவோம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். எனக்குப் பள்ளத்தைப் பார்த்தால் இன்றைக்கும் தலை சுற்றும். அதனால் அவன் எப்போதும் என் வலப்பக்கம், பள்ளத்தின் ஓரமாகவே ஓடுவான். "நீ மலையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓடு, நான் விழுந்தா சத்தம் குடுக்கிறேன்" என்று கேலி பேசிக்கொண்டே வருவான். மூச்சு வாங்கும்போதுகூட அவனுக்கு வாய் மூடாது. அப்பா அம்மா போன பிறகு எங்களுக்கு நாங்கள்தான். பிறகு, ஆட்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரிக்கிற ஒப்பந்தம் வந்தது. ஒரே லயத்தில், ஒரே அறைக் காம்பராவில் பிறந்த இரண்டு பேரில் எனக்கு இந்தியா, அவனுக்கு இலங்கை என்று காகிதம் வந்தது. எந்தக் கணக்கில் பிரித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அவன் பிளாட்பாரம் முடியும் வரைக்கும் கூடவே ஓடி வந்தான். அன்றும் வலப்பக்கம்தான்.

இங்கே வந்து மூன்று வருஷம் ஆயிற்று. ஒரு பனியன் கம்பெனியில் அயன் டேபிளில் வேலை. வாரத்துக்கு எழுபது மைல் ஓடிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு பதினைந்து மைல் ஓட்டப் பந்தயம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். அது பாதி உண்மை. கால் அலுத்தால்தான் படுத்ததும் தூக்கம் வரும், இல்லாவிட்டால் பள்ளிக்கூட வளைவு கண்ணுக்குள் வந்து நிற்கும். அப்போதுதான் முத்துவேலின் கடிதம் வந்தது. "தோட்டத்து விளையாட்டுப் போட்டிக்கு வர்ற முதலாந்தேதியில இருந்து நாப்பத்தெட்டு நாள் இருக்கு. தெனமும் காலையில சரியா ஆறு மணிக்கு நான் இங்க ஒரு மைல் ஓடுறேன், நீ அங்க ஓடு. ஆறு நிமிசத்துக்கு மேல போனா தோல்வி. ஒரு நாள் விட்டாலும் தோல்வி" என்று எழுதியிருந்தான். எல்லாவற்றையும் பிரித்தவர்கள் கடிகாரத்தை மட்டும் பிரிக்க மறந்துவிட்டார்கள். அங்கே ஆறு என்றால் இங்கேயும் ஆறுதான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்வதற்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு மைல்தான். அதை விடுவேனா?

வாரத்துக்கு எழுபது மைல் ஓடுகிறவன் தினமும் ஒரு மைல் பாயக் கூடாது. கால் தேற இடைவெளி வேண்டும். தெரிந்தே செய்தேன். ஐந்து மணிக்குமுன் கிளம்பி எட்டொன்பது மைல் மெதுவாக ஓடி, சரியாக ஆறுக்கு ஒரு பழைய மைல்கல்லின் பக்கத்தில் வந்து நிற்பேன். புதுக் கிலோமீட்டர் கற்கள் நட்ட பிறகும் அந்த ரோட்டில் இரண்டு மைல்கற்களைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஓட்டம். முதல் நாள் ஐந்து நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடி.

கல்லுக்கு எதிர் வீடு எங்கள் கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமியுடையது. நாற்பது வயது, நல்ல தொந்தி, நெசவுக் குடும்பம். தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவர். மூன்றாம் நாள் என்னை மறித்துக் கேட்டார்.

"எத்தனை நாளைக்குங்க இந்த ஓட்டம்?"

"நாற்பத்தெட்டு நாள்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஒரு மண்டலமுங்களா!" என்று கை கூப்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டார். மறுநாள் அவர் மனைவி வாசலில் மஞ்சள் தண்ணீரோடு நின்றார். காவடி எடுத்து வருகிறவர்களுக்குச் செய்வதுபோல என் காலில் ஊற்றினார். என் ஒரே கேன்வாஸ் சப்பாத்து மஞ்சளாகிச் சொதசொதத்தது. அவர் சங்கடப்பட்டுப்போய், "ஏனுங்க, வேண்டுதல்ல செருப்புப் போடலாமுங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம், இது வேண்டுதல் இல்லை என்று. சொல்லவில்லை. ஏன் தெரியுமா? மூன்று வருஷமாக நான் கம்பெனியில் வெறும் 'சிலோன்காரன்'. சாப்பாட்டு வேளையில் தனியாக உட்காருகிறவன். அன்றைக்கு மத்தியானம் அயன் டேபிளைச் சுற்றி நான்கு பேர் வந்து உட்கார்ந்து, "நல்லபடியா முடியுமுங்க" என்றார்கள். தூக்குப்போசியிலிருந்து அள்ளி என் தட்டில் வைத்தார்கள். பஸ் கண்டக்டர்கூட விஷயம் தெரிந்து, நிறுத்தாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காக ஏங்கிக் கிடந்திருக்கிறேன். மறுநாளிலிருந்து சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடினேன். அறிவுகெட்ட வேலை!

முப்பது நாள் கால் பொறுத்தது. ஞாயிறுதோறும் ஏழு நாள் கணக்கை எழுதிப் போடுவேன், அவனுடைய ஏழும் எனக்கு வரும். ஐந்து நாற்பது, ஐந்து முப்பத்தெட்டு என்று இரண்டு பேரும் விடாமல் இழுத்துக்கொண்டு போனோம். பிறகு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தொடங்கியது. முப்பத்தொன்பதாம் நாள் ஐந்து ஐம்பத்தைந்து. நாற்பதாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறுக்கு ஒரு விநாடி குறைவு. நாற்பத்தொன்றாம் நாள் எட்டு மைலையும் விட்டுவிட்டு நேராகக் கல்லுக்குத்தான் போனேன், அதுவும் நொண்டிக்கொண்டு. ஆறாவதற்கு முன்பே நாலு எட்டு வைத்துப் பார்த்தேன். எலும்புக்குள் யாரோ ஆணி அடித்ததுபோல இருந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பழனிச்சாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "விடுங்க, விடுங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்று முதுகைத் தடவினார். அதற்கு மேலும் பொய்யைச் சுமக்க என்னால் முடியவில்லை.

"மாஸ்டர், இது முருகனுக்கு இல்லீங்க" என்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். தம்பி, காகிதம், ரயில், ஆறு மணி, ஆறு நிமிஷம், எல்லாம்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தகும். அவர் மனைவி ஊற்றிய மஞ்சள் தண்ணீர் கொஞ்சமா நஞ்சமா? அவர் ரோட்டின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அப்ப உங்க தம்பி இந்நேரம் அங்க கிளம்பி நிப்பாருங்களா?"

"நிற்பான்."

"மணி என்னங்க?"

"ஆறாக ஒரு நிமிஷம்."

"அப்புறம் பேசிட்டே இருந்தா எப்படிங்க?" என்று வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். "வேண்டுதல் எடுத்தவன் விழுந்தா ஊட்டாளுக எடுத்து முடிக்கோணும். எங்க வழக்கம் அதானுங்க. கடியாரத்தப் பாத்துச் சொல்லுங்க."

ஓடினார். தொந்தி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். வழியில் இரண்டு முறை நின்றார். அவர் மகன் சைக்கிளில் பின்னாலேயே போய், அடுத்த கல்லை அவர் தொட்ட மணியை எனக்கு வந்து சொன்னான். பதினோரு நிமிஷம் இருபது விநாடி. நாற்பத்தெட்டாம் நாள் வரைக்கும் அவர்தான் ஓடினார். கோயம்புத்தூர்ப் பந்தயம் எப்போது நடந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த எட்டு நாள் கணக்கையும் ஒளிக்காமல், ஓடினது நானில்லை என்று தம்பிக்கு எழுதினேன். தோற்றுவிட்டோம் என்றுதான் எழுதினேன்.

அவன் பதில் வரப் பதினைந்து நாள் ஆயிற்று. தோட்டத்துப் போட்டியில் இரண்டாவதாக வந்தானாம். அதை ஒரு வரியில் முடித்துவிட்டான். "ஒரு நாளும் விடலையே, அப்புறம் எப்படித் தோல்வி? நேரத்தை விட்டுரு. பதினொரு நிமிசம் ஓடின அந்த அண்ணனை என் சார்பா கும்பிட்டேன்னு சொல்லு. கால் ஆறினதும் திரும்பத் தொடங்கு, நான் நிறுத்தல்ல" என்று எழுதியிருந்தான். பழனிச்சாமியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துணி வெட்டப் போய்விட்டார்.

கால் ஆற இரண்டு மாதம் பிடித்தது. போன திங்கட்கிழமை, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கல்லுக்குப் போனேன். பழனிச்சாமி எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார், கம்பெனி பனியனும் அரை டவுசருமாக. எப்படிச் சிரிக்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. "பழகிப்போச்சுங்க, படுத்தா படுக்க முடியல" என்று சொல்லிக்கொண்டே வந்து என் வலப்பக்கம் நின்றார்.

"மாஸ்டர், கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுங்க" என்றேன்.

அவர் தனக்கு வலப்பக்கம் இருந்த வெறும் ரோட்டைப் பார்த்தார். பள்ளமும் இல்லை, மலையும் இல்லை, சோளக்காடுதான்.

"ஏனுங்க, அந்தப் பக்கம் ஆராச்சும் வர்றாங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் இடப்பக்கம் வந்து நின்றார். மணி ஆறானதும் கிளம்பினோம்.