மேலே போனால் மூச்சு வாங்குகிறது

கோலாலம்பூரில் இருக்கும் ஒரு கார் பத்திரிகையிலிருந்து, உங்கள் காரை ஓட்டிப் பார்த்து எழுதப்போகிறோம் என்று அழைப்பு வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தைக் கழற்றித் திரும்ப மாட்டிவிட்டு, ஒரு போல்ட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். எல்லை தாண்டி வீடு திரும்பும் பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசை நகராமல் நிற்கும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அந்தக் கட்டுரையை நானே எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் புகழ்ச்சிதான்.

இருபது வயதைத் தாண்டிய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் அது. வெள்ளை நிறம், இரண்டு கதவு. அதைக் கட்டி எழுப்பியது என் மச்சான், மனைவியின் தம்பி. ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகள். எஞ்சின், டர்போ, கியர்பாக்ஸ், எல்லாம் அவன் கைவேலை. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும், அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று நச்சரிப்பதும் என் பங்கு.

அந்த வருடம்தான் அவன் இன்னொருவர் பட்டறையை விட்டு வெளியே வந்து, பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிச் சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தான். ஆயில் மாற்றுகிற கடைகள் அங்கே தெருவுக்கு இரண்டு இருக்கின்றன. எஞ்சின் கட்டத் தெரிந்தவன் என்று நாலு பேருக்குத் தெரிந்தால்தான் அவன் நிலைத்து நிற்க முடியும். கட்டுரையில் பட்டறையின் பெயரும் வரும் என்று நான் சொன்னபோது, முகத்தைத் துடைக்கிற சாக்கில் துணியை எடுத்து மூடிக்கொண்டான்.

"நல்லா எழுதுவாங்களா மாமா?"

"எழுதாம எங்கடா போவாங்க!"

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் ஐந்து மணிக்கே எழுந்து, முந்தின நாள் கழுவிய காரை மறுபடியும் கழுவினேன். ஏழு மணிக்கு என் மனைவி வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம், ஐந்து பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு, எல்லாம் கறுப்புக் கயிற்றில் கோத்தபடி.

"முன்னால கட்டுங்க. எத்தன பேரு பாக்கப்போறாங்க. கண்ணு படும்லா."

"அவங்க படம் எடுக்க வர்றது காரை. கோயில் தேரை இல்ல."

"சாமிக்கு முன்னால வச்சிட்டு கொண்டாந்திருக்கேன். வேணாம்னா தூக்கிப் போடுங்க." கயிற்றை என் கையில் திணித்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

தூக்கிப் போட மனசு வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கண் படும் என்கிற பயம் அவளைவிட எனக்குத்தான் அதிகம். ஆனால் கோலாலம்பூரிலிருந்து வருகிறவன் பார்த்துச் சிரிப்பானே என்கிற வெட்கம் அதைவிட அதிகம். முன் பம்பரின் இடது பக்கத்தில் விளக்கு இருந்த இடத்தை மச்சான் திறந்து விட்டிருந்தான். அந்த ஓட்டைக்குப் பின்னாலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகிற குழாய் தொடங்கும். கயிற்றைச் சுருட்டி, கார் துடைக்கிற மஞ்சள் துணியில் பொதிந்து, வெளியே தெரியாதபடி உள்ளே செருகினேன். படம் எடுத்து முடித்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் தெருமுனையில் அவர்களுடைய வேன் திரும்பியது. முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். கேமராக்காரர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். கை குலுக்கிய அந்த நிமிஷமே துணியும் பழமும் என் தலையைவிட்டுப் போய்விட்டன.

மெர்சிங் போகிற சாலையில் எழுதுகிறவர் ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். வளைவுகளில் கார் ஒட்டிக்கொண்டு திரும்பியது, அவர் தலையை ஆட்டினார். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நீண்ட நேர்ச் சாலை வந்தபோது முழுக்க மிதித்தார். கார் பாய்ந்தது, பிறகு ஏதோ யோசிப்பதுபோலத் தயங்கியது. மறுபடி மிதித்தார். மறுபடியும் அதே தயக்கம். நான் சும்மா இருக்க முடியாமல் இருக்கைகளைப் பற்றியும் சக்கரங்களைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். மெர்சிங் படகுத்துறையில் மீன்கூடைகளுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் உறையைப் போட்டு மூடினேன்.

அடுத்த இரண்டு மாதம் நான் நானாக இல்லை. பெட்ரோல் நிலையம் ஒன்றைத் தாண்டினால் உள்ளே போய்ப் புதிய இதழ் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். ஒருநாள் வந்திருந்தது. நான்கு பக்கம், அழகான படங்கள். வளைவுகளைப் பாராட்டியிருந்தார்கள். நான்காவது பக்கத்தில் எஞ்சின் வேகத்தைப் பற்றித் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. மேலே போனால் மூச்சு வாங்குகிறது. கீழே, இவ்வளவு நல்ல காருக்கு இதைவிடக் கவனமான கை கிடைத்திருக்கலாம் என்று ஒரு வரி. அதற்கும் கீழே மச்சானின் பட்டறைப் பெயர்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே இதழை மேசையில் எறிந்தேன்.

அவன் நின்றபடியே படித்தான். இரண்டாம் முறையும் படித்தான். "காரை விட்டுட்டுப் போங்க மாமா. என்னான்னு பாக்கிறேன்."

"நீ பாத்தது போதும்," என்றேன்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், பிறகுதான் மூளை வரும். அன்று மூளை வரவே இல்லை. எஞ்சின் கட்டித் தரச் சொல்லி ஒருவர் அவனிடம் விட்டிருந்த காரை அடுத்த வாரமே இழுத்துக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோதுகூட, பார்த்தாயா, எனக்கு மட்டுமா தோன்றியது என்றுதான் நினைத்தேன். தீபாவளி காலையில் எங்கள் வீட்டில் முதல் தோசை எப்போதும் அவனுக்குத்தான். அந்தத் தீபாவளிக்கு அவன் வரவில்லை. மனைவி அந்தத் தோசையை ஒரு தட்டில் வைத்து மூடினாள், சாயங்காலம்வரை அது அப்படியே இருந்தது.

தீபாவளி கழிந்து, மூவாரில் இந்த மாதிரி கார்களுக்குப் பெயர்போன ஒரு சீன மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிழையைக் கண்டுபிடித்து மச்சான் மூஞ்சிமுன் நீட்டவேண்டும் என்பதுதான் திட்டம். மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு போனேன், அந்த மூச்சு வாங்கலைக் கேட்கப் பிடிக்கவில்லை. மெக்கானிக் ஐயா காரை ஒரு சுற்று சுற்றிவந்தார். எஞ்சினைத் தொடக்கூட இல்லை. காற்றுக்குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். காற்று இழுத்த இழுப்பில் குழாயின் தொண்டைவரை போய் அடைத்துக்கொண்டிருந்த மஞ்சள் துணி வெளியே வந்தது. அதற்குள் கல்லாகக் காய்ந்த எலுமிச்சை, சுருங்கிய மிளகாய், கரி.

"என்ன சார், காருக்கு ஊறுகாய் போடுறீங்களா?" என்று மலாயில் கேட்டார். பட்டறையே சிரித்தது. எனக்குக் காது எரிந்தது.

குழாயை மாட்டிக் கொடுத்து, ஓட்டிப் பாருங்கள் என்றார். திரும்புகிற வழியில் நெடுஞ்சாலையில் முழுக்க மிதித்தேன். எந்தத் தயக்கமும் இல்லாமல் எஞ்சின் உச்சிவரை ஒரே மூச்சில் பாடிக்கொண்டு ஏறியது. அவன் கட்டியது இதைத்தான். கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது, ஓரமாக நிறுத்தி அழுதுவிட்டுத்தான் மறுபடி கிளம்பினேன்.

பட்டறையில் வாடிக்கையாளர் யாருமில்லை. மச்சான் ஒரு பழைய டாக்சிக்குப் பிரேக் மாற்றிக்கொண்டிருந்தான். துணியை அவன் மேசைமேல் பிரித்து வைத்து, எங்கே இருந்தது என்று சொன்னேன்.

"அக்கா வச்சதா?" என்று கேட்டான்.

ஆமாம் என்கிற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அவளும் மறுக்கமாட்டாள், நான் தப்பித்துவிடலாம்.

"இல்லடா. அவ வெளிய கட்டத்தான் சொன்னா. நான்தான் வெட்கப்பட்டு உள்ள ஒளிச்சு வச்சேன். அப்புறம் மறந்துட்டேன்."

அவன் அந்த எலுமிச்சையை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு வைத்தான். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. அந்த புக்க படிச்சவங்ககிட்டலாம் யாரு போயி சொல்றது?" என்றான். மறுபடி டாக்சிக்குக் கீழே போய்விட்டான்.

அன்றே பத்திரிகைக்கு எழுதினேன். எழுதியது நாலு வரிதான், அதற்கு நாலு மணி நேரம் ஆனது. கண் திருஷ்டி என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் நான் முட்டாளாகத்தான் தெரிந்தேன். கடைசியில் அப்படியே எழுதி அனுப்பினேன். எஞ்சின் குற்றமற்றது, காற்றுக்குழாயை எலுமிச்சம்பழத்தால் அடைத்தவன் நான், என் பெயரோடு போடுங்கள் என்று. ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து இது நிஜமா என்று கேட்டு, சிரித்து முடித்து, ஒரு படமும் வேண்டும் என்றார். மனைவி புதிதாக ஒன்று கோத்துத் தந்தாள். பம்பருக்கு நட்டநடுவில் கட்டி, பக்கத்தில் நானும் நின்று படம் எடுத்து அனுப்பினேன்.

அரைப் பக்கத்துக்குப் போட்டார்கள். தொழிற்சாலையில் இன்றுவரை எனக்கு எலுமிச்சை என்றுதான் பெயர். போன வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை, ஆனால் வேறு சிலர் வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மச்சானிடமிருந்து செய்தி வந்தது. ஞாயித்துக்கெழம காரைக் கொண்டாங்க, ஆயில் மாத்தணும்.

கொண்டுபோனேன். அவன் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் முன்னால் குந்தி, இடது பக்க ஓட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்து ஸ்பானரை எடுத்தான். இப்போதும் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறான். அவன் துழாவி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நிற்கிறேன். முடிஞ்சுதா என்று கேட்பதில்லை.